ரீச்சரிடம் கேளுங்கள்: தலைப்பாகையைப் பார்த்து என்ன சிரிப்பு?

சென்ற இதழில், தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் வந்த 'சிங்' வேடத்தைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். பஞ்சுத் தாடி, குளியல் துவாயைச் சுற்றிய தலைப்பாகை, எதைச் சொன்னாலும் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் புத்தி. அந்த ஆள் வாயைத் திறக்கும் முன்பே பின்னணியில் சிரிப்பொலி போட்டுவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்று எழுதினேன். பரீட்சைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் வருகிற கடிதங்களைவிட இதற்கு அதிகம் வந்துவிட்டன. பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு நிற்கிறார்கள். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரீச்சர், என் மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். கலைவிழா நாடகத்தில் அந்தத் தொலைக்காட்சி வேடத்தையே அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பஞ்சு வாங்கித் தா என்று நிற்கிறான். "சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, நீ பேசாமல் இரு" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.
— ஒரு தாய், உப்புவெளி

தங்கச்சி, மகனைப் பக்கத்தில் இருத்தி, அந்தத் துணி அவர்கள் தலைக்கு எப்படி வந்தது என்ற கதையைச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும்.

சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர். மதம் மாறும்படி நெருக்கப்பட்ட காஷ்மீரப் பண்டிதர்கள் அவரிடம் வந்து முறையிட்டார்கள் என்று சீக்கிய மரபு சொல்கிறது. பூணூலும் திலகமும் அவருடைய சமயத்துக்குரியவை அல்ல. ஆனாலும் அவற்றை அணிகிறவர்களுக்காக அவர் டில்லிக்குப் போனார். 1675இல் ஔரங்கசீப்பின் ஆட்சியில், சாந்தினி சௌக்கில் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருடைய மகன் கோவிந்தருக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. உங்கள் மகனைவிடச் சின்னவன்.

தந்தை கொல்லப்பட்டபோது அவருடைய அடியார்கள் பலர் பயந்து, தாங்கள் யார் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் கூட்டத்தோடு கூட்டமாகக் கலைந்து போனார்கள் என்றும் அந்த மரபு சொல்லும். மகன் வளர்ந்து பத்தாவது குரு ஆனார். 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்த்பூரில் மக்களைக் கூட்டிக் கால்சா என்ற, தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகத்தை நிறுவினார். வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்காற்சட்டை, குறுவாள் ஆகிய ஐந்தும் அந்த வழியில் வந்தவை. இனி எந்தச் சீக்கியனும் ஆபத்து நேரத்தில் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. உதவி தேடி வருகிறவனும் அவனைத் தூரத்திலேயே கண்டுகொள்வான். வெட்டாத அந்த முடியைக் காக்கும் துணிதான் தலைப்பாகை. ஐந்து மீற்றர் அளவு துணியை நாள்தோறும் காலையில் மடிப்பு மடிப்பாகக் கட்டுகிறார்கள். தொப்பியைப் போலக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போகிற பொருள் அன்று.

பஞ்சாபில் ஒரு பாடசாலை மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றி நிறைய விபூதி பூசிய பையன் அட்டைக் காவடி தூக்கி வருகிறான், தடுக்கி விழுகிறான், அவன் தமிழன், அதனால் முட்டாள் என்று மண்டபம் சிரிக்கிறது. காவடி எதற்காக எடுக்கப்படுகிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இதுதான்.

பிள்ளையை ஏச வேண்டாம். நாடகத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அவன் நன்றாக நடிக்கக் கூடியவன் என்றால் வேறு வேடம் கிடைக்கும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எழுபதுகளில் வந்த, வெளிநாட்டவர் ஆங்கிலம் படிக்கும் வகுப்பறையைக் காட்டும் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரித்தானிய நகைச்சுவைத் தொடரை எங்கள் குடும்பம் முழுவதும் பார்த்துச் சிரித்தது. அதில் ரஞ்சித் சிங் கைகளைக் கூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்பதை என் பேரப்பிள்ளைகளும் இன்று இணையத்தில் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்போது யார் புண்பட்டார்கள்? இந்தக் காலத்து மனிதர்களுக்குத் தோல் மெலிந்துவிட்டதா?
— ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், ஓர்ஸ் ஹில்

ஐயா, அந்த ரஞ்சித் சிங்காக நடித்தவர் நம்மவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அல்பேர்ட் மோசஸ், கம்பளையில் பிறந்தவர். சீக்கியர் அல்லாத ஓர் இலங்கையருக்குத் தலைப்பாகையைக் கட்டிவிட்டு, பஞ்சாபி இப்படித்தான் பேசுவான் என்று ஆங்கிலேயப் பார்வையாளருக்குக் காட்டினார்கள். நல்ல நடிகர், அதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் காலத்துப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் மாநிற முகத்துக்கு வேறு எந்த வேடம் கிடைத்தது? அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வகுப்பறையை இன்னொரு தடவை பாருங்கள். ஒவ்வொரு நாட்டவருக்கும் ஒரே ஒரு குணம். சீக்கியரும் பாகிஸ்தானியரும் எப்போதும் சண்டை. ஜேர்மானியப் பெண்ணுக்கு விறைப்பு. பிரெஞ்சுப் பெண்ணுக்குச் சரசம். நிதானமான மனிதர் என்று அங்கே இருப்பவர் ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர்தான். தொடரை ஒளிபரப்பிய லண்டன் நிறுவனத்திலேயே மைக்கல் கிரேட் என்ற அதிகாரி, இனங்களை இப்படி அச்சில் வார்த்துக் காட்டுவது அவமதிப்பு என்று கருதி 1979இல் அதை நிறுத்தினார். தோல் மெலிந்தது இந்தக் காலத்தில் என்கிறீர்கள். அதே காலத்தில், அதே நிறுவனத்துக்குள் ஒருவருக்கு அது உறுத்தியிருக்கிறது.

யார் புண்பட்டார்கள் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. தொடர் தொடங்கியது 1977. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், லண்டனின் சவுத்தோலில் குர்தீப் சிங் சாகர் என்ற 18 வயது மாணவன் வெள்ளை இளைஞர்களால் தெருவில் குத்திக் கொல்லப்பட்டான். தலைப்பாகையோடு வந்த சீக்கியச் சிறுவனுக்கு பேர்மிங்காமில் ஒரு பாடசாலை இடம் மறுத்தது. அந்த வழக்கு, அப்போது பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 1983இல்தான் சிறுவனின் பக்கம் தீர்ப்பானது. வெளியே தெருவில் இது நடந்துகொண்டிருந்தபோது வரவேற்பறையில் ரஞ்சித் சிங் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சவுத்தோலில் இருந்த ஒரு சீக்கியத் தாய் அந்தச் சிரிப்பை எப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள், ஐயா. திருகோணமலையில் இருந்து பார்த்த நமக்கு அது வலிக்கவில்லை என்பதால் அது வலிக்காதது ஆகிவிடாது.

'சர்தார்ஜிக்குப் பன்னிரண்டு மணி அடித்துவிட்டது' என்கிறார்களே, அது என்ன பகிடி?
— பிளஸ், என்.சி. வீதி

சர்தார்ஜி என்றால் சீக்கியர். நண்பகல் வெயிலில் தலைப்பாகைக்குள் மூளை குழம்பிவிடும் என்பது கேலி செய்கிறவர்களின் விளக்கம். சீக்கியர்கள் சொல்லும் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து வந்த படைகள் டில்லிப் பக்கத்தைக் கொள்ளையடித்து, பெண்களைச் சிறைபிடித்துக்கொண்டு திரும்பின. எண்ணிக்கையில் சிறிய சீக்கியக் குழுக்கள் நள்ளிரவில் பாய்ந்து அந்தப் பெண்களை மீட்டு, அவரவர் ஊரில் சேர்த்தன என்கிறார்கள். எந்தக் கதை முந்தியது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தச் சமூகம் தன்னைப் பற்றி எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதாவது நமக்குத் தெரிய வேண்டும்.

1987இல் தலைப்பாகையும் துப்பாக்கியுமாக வந்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. இந்திய இராணுவம் இங்கே நடந்துகொண்ட விதம் உங்களுக்குத் தெரியாதா? அவர்களுக்காக நீங்கள் கண்ணீர் விடுவது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.
— பாலையூற்று வாசகர்

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

தெரியும். அந்தப் படையின் கடைசிக் கப்பல்கள் 1990 மார்ச் 24ஆம் திகதி நம் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் நான் இங்கேதான் படிப்பித்தேன். 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். அதற்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதைப் பேச வேண்டும், எழுத வேண்டும், பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் ஆத்திரத்தில் ஒரு சொட்டைக்கூட நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் படையில் தமிழ் பேசிய மதராஸ் படைப்பிரிவினரும் இருந்தார்கள். கூர்க்காக்கள் இருந்தார்கள். சீக்கியர்களை மட்டும் நாம் ஏன் தனியே நினைவில் வைத்திருக்கிறோம்? கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அவர்களிடம் இருந்தது. கட்டளையிட்டவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், அறிக்கைகளைப் பூட்டி வைத்தவர்கள் ஆகியோரின் முகங்கள் மங்கிவிட்டன. தலைப்பாகை மட்டும் மிஞ்சி நிற்கிறது.

அந்த நாட்களில் பாடசாலைக்குப் போகும் வழியில், மணல்மூட்டைக் காவலரண் ஒன்றின் பின்னால் இரண்டு சிப்பாய்களைக் கண்டிருக்கிறேன். ஒருவர் நீண்ட துணியின் ஒரு முனையை இறுகப் பிடிக்க, மற்றவர் மறுமுனையை இழுத்து நீளவாக்கில் மடித்துக்கொண்டிருந்தார். பயத்தோடுதான் பார்த்தேன், வேகமாக நடந்து கடந்துவிட்டேன். இருவரில் இளையவனுக்கு இருபது வயதுகூட இருந்திராது.

அவனுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை நான் பிற்பாடுதான் படித்து அறிந்தேன். 1984 ஜூனில் இந்திய இராணுவம் சீக்கியர்களின் தலையாய கோயிலான அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் நுழைந்தது. அதைக் கேட்டுச் சீக்கியச் சிப்பாய்கள் பலர் முகாம்களை விட்டுக் கிளம்பினார்கள். ஒக்டோபர் 31ஆம் திகதி இந்திரா காந்தி தம்முடைய சீக்கியக் காவலர்களால் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் டில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். ரயர் போட்டு எரித்தார்கள். உயிர் தப்புவதற்காக எத்தனையோ பேர், வாழ்நாளில் கத்தரிக்கோல் படாத முடியை வெட்டினார்கள்.

இது உங்களுக்கு எதையும் நினைவூட்டவில்லையா? அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் கொழும்பில் பஸ்ஸை மறித்து யார் தமிழர் என்று தேடினார்கள். நம் ஊரிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நம் பெண்கள் பொட்டை அழித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பொட்டை ஒரு நொடியில் அழிக்கலாம். அவர்களால் அப்படி முடியவில்லை.

செய்த கொடுமைக்குக் கணக்குக் கேட்பது ஒன்று, தலைப்பாகையைப் பார்த்துக் கெக்கலிப்பது வேறொன்று. தொலைக்காட்சியில் அந்த வேடத்தைப் பார்த்துச் சிரித்ததால் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்கு நீதி ஓர் அங்குலமாவது நெருங்கி வந்ததா? வரவில்லை. டில்லியில் இருந்து கட்டளையிட்டவர்களைப் பற்றி எந்த நகைச்சுவை நிகழ்ச்சியும் மூச்சு விடுவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசத் துணிவில்லாதவர்கள் பதில் சொல்ல முடியாத ஒருவனின் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் கோபத்தை அவர்களிடம் மலிவாக விற்றுவிடாதீர்கள், தம்பி.

சீக்கியருக்காக எழுதுகிறீர்கள், நல்லது. நம் மேடைகளில் தொப்பியும் தாடியும் வைத்து, பேச்சை இழுத்து இழுத்துப் பேசும் முஸ்லிம் வியாபாரி வேடம் எத்தனை வருடமாக நடக்கிறது? அதைப் பற்றி ஏன் எழுதவில்லை, ரீச்சர்?
— ஆசிரியை, கிண்ணியா

எழுத வேண்டியதுதான், மகள், இதோ எழுதுகிறேன். அந்த வேடமும் இதே குற்றம்தான். மலையகத் தமிழரின் பேச்சைக் காட்டிச் சிரிக்க வைப்பதும் அதுவே. சிங்களத் தொலைக்காட்சி நகைச்சுவைகளில் தமிழன் என்றால் உச்சரிப்புத் தடுமாறும் கடைக்காரன் என்று வரும்போது நமக்குச் சுருக்கென்கிறது. தமிழகத்துப் படங்களில் நம் பேச்சைத் திரித்துப் பேசிக் கைதட்டல் வாங்கினால் இரண்டு நாள் குமுறுகிறோம். ஆனால் நம் ஊர்க் கோயில் திருவிழா மேடையில் முஸ்லிம் காக்காவின் வேடத்துக்கு நாமே கைதட்டுகிறோம்.

2018இல் நம் நகரத்துப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடை பற்றி எழுந்த பிரச்சினையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று இரண்டு பக்கத்திலும் பேசியவற்றில் எனக்கு உடன்பாடு இல்லாதவை நிறைய உண்டு. ஒன்று மட்டும் நிச்சயம். அந்த வாரங்களில் முகநூலில் ஓடிய பகிடிகளைப் படித்த பிறகு இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே மேசையில் இருந்து பேசுவது கடினமாகிவிட்டது.

சீக்கியர்களே சர்தார்ஜி நகைச்சுவைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீதிமன்றமும் தடுக்கவில்லை. பிறகு நமக்கென்ன?
— சட்டக்கல்வி மாணவன், திருகோணமலை

நீதிமன்றம் பற்றிச் சொன்னது சரி. டில்லியில் ஒரு சீக்கியப் பெண் வழக்கறிஞர் இத்தகைய நகைச்சுவைகளைத் தடுக்கக் கோரி 2015இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தம் பிள்ளைகள் பெயரோடு சிங், கௌர் என்று சேர்த்துக்கொள்ளவே கூசுகிறார்கள் என்றார். குடிமக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒழுக்க விதி எழுதுவது தங்கள் வேலை அன்று என 2017 பெப்ரவரியில் நீதிபதிகள் கையை விரித்தார்கள். தடை போடுவதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. இந்த நாட்டில் எழுத்துக்கும் பேச்சுக்கும் தடை போட்டவர்கள் அதை யார்மேல் பிரயோகித்தார்கள் என்று கண்டவள் நான். ஆனால் சட்டம் தடுக்காத எல்லாமே செய்யத் தக்கவை என்று எந்தச் சட்டக் கல்லூரியில் படிப்பிக்கிறார்கள்?

சீக்கியர்களே சொல்கிறார்கள் என்பதும் உண்மை. எழுத்தாளர் குஷ்வந்த் சிங் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். அதே மனிதர் பொற்கோயிலுக்குள் இராணுவம் நுழைந்தபோது தமக்குக் கொடுத்த பத்மபூஷண் விருதைத் திருப்பிக் கொடுத்தார். தன் வீட்டாரைக் கிண்டல் செய்த அவருக்கு அந்த வீடு எரிந்தபோது வலித்தது. நம் தொலைக்காட்சிக்காரருக்கு அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

தெரியாமல் சிரிப்பதில் இன்னொரு கேடு உண்டு. 2012 ஜனவரியில் அமெரிக்காவில் நகைச்சுவையாளர் ஜே லெனோ தம் இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பொற்கோயிலின் படத்தைக் காட்டி, இது பணக்கார வேட்பாளர் மிட் ரொம்னியின் கோடைகால வீடு என்று பகிடி விட்டார். நான்கு திசைக்கும் வாசல் வைத்த கோயில் அது. யார் போனாலும் நிலத்தில் வரிசையாக இருத்தி ரொட்டியும் பருப்பும் போடும் இடம். அதை ஒரு பணக்காரனின் மாளிகை என்றார். இந்திய அரசாங்கம் வரை ஆட்சேபித்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி விஸ்கொன்சினில் ஓக் கிரீக் குருத்துவாரா என்ற சீக்கியக் கோயிலுக்குள் வெள்ளை இனவெறியன் ஒருவன் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். அந்தப் பகிடியால் இந்தக் கொலை நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2001 செப்டெம்பர் தாக்குதலுக்கு நான்கே நாட்களில், அரிசோனாவில் தம்முடைய பெற்றோல் நிலையத்தின் முன்னால் பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டாரே, அவரைச் சுட்டவன் அவரை அரபியர் என்று நினைத்தான். தலைப்பாகையும் தாடியும் மட்டும் தெரிந்திருக்கிறது, கீழே இருந்த மனிதரைத் தெரியவில்லை. வருடக்கணக்காகத் திரையில் அந்த இரண்டை மட்டும் காட்டிப் பழக்கினால் மனிதரை எங்கே பார்க்கப் பழகுவது?

நான் நாடக ஆசிரியன். 'அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே' என்றால் பிள்ளைகள் எதை வைத்துச் சிரிக்க வைப்பார்கள்? வெறும் புத்திமதி நாடகத்தை யார் பார்ப்பார்கள்?
— தம்பலகாமம்

உங்கள் கேள்வி நியாயமானது. ஜஸ்பால் பட்டி என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சாபிச் சீக்கியர். 1989இல் இந்திய அரசத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனில் 'ஃப்ளாப் ஷோ' என்ற தொடரைத் தந்தார். தலைப்பாகையோடுதான் ஒவ்வொரு வாரமும் வந்தார். ஆனால் சிரிப்பு தலைப்பாகையைப் பற்றி இல்லை. பொய்யான வைத்தியச் செலவுச் சிட்டை கொடுத்துப் பணம் பெறும் உத்தியோகத்தர், ஆய்வு மாணவனை வீட்டு வேலைக்காரனாக்கும் பேராசிரியர், பழுதான தொலைபேசி, மட்டமான கட்டடம் கட்டும் ஒப்பந்தகாரர் ஆகியோரைப் பற்றியே சிரித்தார். மொத்தம் பத்து அத்தியாயங்கள்தான். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். 2012இல் வீதி விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு பத்மபூஷண் கொடுத்தார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குச் சரக்கு குறைவா? புதிதாகப் போட்ட வீதியை அடுத்த மாதமே குழாய் புதைக்கத் தோண்டுகிறார்கள். தேர்தல் வந்தால் மட்டும் தம்பலகாமத்து வயல் வரம்பில் வெள்ளைச் சட்டைகள் நடக்கின்றன. ஒரு கையெழுத்துக்காக மூன்று அலுவலகங்களுக்கு அலையும் விதவைத் தாயும், ஒவ்வொரு மேசையிலும் தேநீர் குடிக்கப் போய்விட்ட உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். இவற்றில் எதைத் தொட்டாலும் மண்டபம் அதிரும். அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தால் உங்களுக்குக் கொஞ்சம் தொல்லை வரலாம். அதிபரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

எழுத்துப் பிரதியை மாணவர்களே எழுதட்டும். முடித்ததும் இந்த இதழின் முகவரிக்கு ஒரு படி அனுப்புங்கள். வாசித்து, எந்தக் காட்சியை நீட்ட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று பக்க ஓரத்தில் எழுதி இரண்டு கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன்.